வாழைத்தோப்பு வால்

“இந்த வாரமும் வால்தான் அண்ணாச்சி. மூஞ்சியக் காட்ட மாட்டேங்கு.” தோப்புக்குள் கேமராப் பெட்டியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான் அப்ரார்.

“கூச்சப்படுது போல,” என்றபடி சிவசண்முகம் அவன் இலையில் சொதியை ஊற்றினார்.

எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கும் கேமரா அது. மலையிலிருந்து தோட்டங்களுக்குள் என்னென்ன இறங்குகிறது என்று ஆராய்ச்சி செய்யும் அப்ரார், மார்கழியில் அதை இங்கே கட்டினான்; ஞாயிறுதோறும் வந்து பிலிம் ரோலை மாற்றி, கழுவியதில் என்ன விழுந்தது என்று அடுத்த ஞாயிறு சொல்வான். முதல் ரோலில், வாழைக்குப் பின்னால் கருகருவென்று ஒரு வால். நுனியில் சிவப்பாய் ஒரு புள்ளி.

அந்தப் படத்தைப் பம்புசெட் அறைச் சுவரில் அவனே ஒட்டினான். அதற்குப் பிறகு இந்தப் பங்குனி வரை வந்த வால்களையெல்லாம் வாயால்தான் சொன்னான்.

சம்சாரம் போனபின் சிவசண்முகத்துக்கு அந்த அறைதான் வீடு. மகள் பம்பாயில். வரப்பில் ஓர் ஆள் அவரைத் தேடி நடந்து வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சொதி வைப்பதும் அன்றைக்குத்தான்.

அப்ராருக்குச் சாத்தான்குளம். உம்மா மவுத்தான பிறகு ஊர்ப்பக்கம் போவதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு வாடகை அறை.

கைகழுவும்போதுதான் பையச் சொன்னான். புரொபசர் கோபமாக இருக்கிறாராம். இங்கே ஒன்றும் தேறவில்லை, கேமராவை இன்றைக்கே கழற்றி வள்ளியூர்ப் பக்கம் கட்டு என்கிறாராம்.

சிவசண்முகம் இலைகளை எடுத்துப் போட்டார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, எதையோ கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

பெண்கள் சடையில் சேர்த்துப் பின்னும் சவுரிமுடி. நுனியில் சிவப்புக் குஞ்சலம்.

“அவளோடது. குச்சியில கட்டி நாந்தாம்வே ஆட்டுனேன்.” அவர் நிமிரவில்லை. “ஒண்ணும் விழலேன்னா நீரு வரமாட்டீருல்லா. புரொபசர்ட்ட எம்மேலதான் தப்புன்னு சொல்லிரும்.”

அப்ரார் எழுந்து தோப்புக்குள் போனான். கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்தான். பின்மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். உள்ளே காலியாக இருந்தது.

“பொங்கலுக்குப் பொறவு நான் இதுல ரோலே போடல, அண்ணாச்சி.”