சுவர் இழுத்த மின்சாரம்

2021 ஆகஸ்டில், லெபனானின் ஸாலே நகரத்தில், தெரு ஜெனரேட்டர் வீட்டுக்கு ஐந்து ஆம்பியர்தான் தந்தது. மிஞ்சினால் பிரேக்கர் விழுந்துவிடும். தச்சர் தானூஸின் வீட்டுக் கார் கொட்டகையில் அன்று போடப்போட விழுந்தது.

"மக கல்யாணக் கறி உருகுது தானூஸ்! உன் ரம்பத்தை நிறுத்தித் தொலையேன்," என்று மனைவி நுஹாத் கத்தினாள்.

"ரம்பத்தை இன்னும் மாட்டவே இல்லடி!"

ஃப்ரீசரையும் பிடுங்கிவிட்டு, பிரேக்கர் பெட்டியில் ஆம்பியர் மீட்டர் வைத்தார். எதுவும் மாட்டாமலே நான்கு ஆம்பியர் ஓடியது. பெட்டியிலிருந்து ஒரு பழைய வயர் எதிர்ச்சுவர் ஓட்டைக்குள் போயிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத் தொட்டார். எச்சில்போல் கொழகொழவென்று ஒட்டியது. சொத்தைப் பல் வாடை. வயரைப் பெட்டியோரம் வெட்டினார்.

"த்தூ! அந்தக் கையோட கறியத் தொட்டுராத."

மெயினைப் போட்டதும் பிரேக்கர் விழாமல் நின்றது, கறி தப்பியது. வெட்டிய வயர் சாயங்காலம்வரை சுவருக்குள் மெல்ல மெல்ல இழுபட்டுப் போனது.