நீல விளக்கு

"ஒங்களுக்கு என்னையவிட இந்த டப்பாதான பெருசு" என்று மெர்லின் புளூடூத் ஸ்பீக்கரைத் தண்ணீர் வாளிக்குள் போட்டதும், அவள் கணவன் டென்னிஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். மறுநாளிலிருந்து அவள் அதை ஜன்னலோரம் வைத்து, வெயில் நகர நகர நகர்த்திக் காயவிட்டாள். "உள்ள தண்ணி எறங்கிட்டு, இனி தேறாது" என்று செல்போன் கடைக்காரர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று சாயங்காலம் பொத்தானை அழுத்தினாள். கரகரவென்று இருமிவிட்டு நீல விளக்கு சிமிட்டியது. பிறகு சிமிட்டாமல் நின்று எரிந்தது. ஏதோ ஒரு போனோடு சேர்ந்துவிட்டது. அது சேர்வது டென்னிஸின் போனோடு மட்டும்தான், அதுவும் அவன் வாசல் பக்கம் இருந்தால்தான். அவள் அதைக் காயவைத்தது இந்நேரம் போனைப் பார்த்து அவனுக்கும் தெரிந்திருக்கும். மெர்லின் கதவைத் திறக்கவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, என்ன பாட்டு வருமென்று ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தாள்.