மான் மேய்ந்த தோட்டம்

“கேட்டைப் பூட்டினேன்னு எத்தனை தடவ சொல்றது…”

“அப்போ மானே சாவி போட்டுத் திறந்துச்சாக்கும்.”

தோட்டம் வடிவமைக்கும் அவளுக்குக் கணவன்மேல் ஆத்திரம் பொங்கியது. காடு சூழ்ந்த அந்தப் பெரிய எஸ்டேட்டில், மூன்றாவது முறையாக அவர்கள் வைத்த பூச்செடிகளும் மொட்டையாக நின்றன. இந்த வேலையும் போனால் அவர்களுக்கு வேறு கதியில்லை.

வாயைத் திறந்தாலே வசவு கொட்டும் எஸ்டேட்காரர் வந்து நின்றார்.

“இனிமே உங்ககிட்டத் திட்டு வாங்கத் தெம்பில்லைங்கய்யா. வேற ஆளைப் பாத்துக்குங்க,” என்றாள் அவள், அழாத குறையாக.

அவர் முகம் வெளுத்தது.

“புருஷனைக் கரிச்சுக் கொட்டாதேம்மா. கேட்டைத் திறந்துவிட்டது நான்தான்.”

“நீங்களா? ஏங்கய்யா?”

“தோட்டம் முடிஞ்சா நீங்க ரெண்டு பேரும் கிளம்பிடுவீங்க. அப்புறம் இந்தக் காட்டுல நான் யாரைத் திட்டுறது?”