ஷாமிலாவின் வயது

"இண்டைக்கும் கொண்டு வரேல்லையோ?"

ஜெயமலர் டீச்சர் கேட்டதும் ஷாமிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா தர மாட்டேங்குது டீச்சர். நாளைக்கி, நாளைக்கின்னே சொல்லுது."

"இதைத்தானே போன கிழமையும் சொன்னனி?"

கேட்டது வேறொன்றுமில்லை, பிறப்புச் சான்றிதழ்தான். மலேசியாவில் நடக்கும் ஆசியத் தகுதிச் சுற்றுக்கு, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் உதைபந்தாட்ட அணியில் ஷாமிலாவைக் கோல் காப்பாளராக எடுத்திருந்தார்கள். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை இலங்கைக்கு ஆடப்போகிறாள். அதற்குக் குறுக்கே ஒரு கடதாசி நின்றது.

உள்ளூர்ப் போட்டிகளுக்கெல்லாம் அதிபரின் கடிதமே போதுமாக இருந்தது. பள்ளியில் சேர்த்தபோதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா சொன்ன வயதைத்தான் எழுதிக்கொண்டார்கள். தோட்டத்தில் அப்படித்தான். பாஸ்போர்ட் கொடுக்கிறவர்கள் ஆயாவையா கேட்கப்போகிறார்கள்?

ஒரு மாதமாகக் கேட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பட்டியல் கொழும்புக்குப் போகவேண்டும். பொறுமை தீர்ந்து, டீச்சர் அன்று பின்னேரமே ஷாமிலாவின் அம்மா காளியாயியைத் தேடி லயத்துக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு நாகலெட்சுமிதான் எட்டிப் பார்த்தாள்.

"காளியாயிங்களா? வாரத்துக்கு ரெண்டு நாளு வேலைக்கும் போறதில்லீங்க. நல்ல சீலையக் கட்டிக்கிட்டு, புள்ளையோட கடதாசியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிருது. எங்கன்னு கேட்டா வாயத் தொறக்காது." குரலைத் தாழ்த்தினாள். "கொழும்புல வீட்டு வேலைக்கி ஆள் புடிக்கிறவன் ஒருத்தன் இந்தப் பக்கம் சுத்துறான் டீச்சர். நான் ஒன்னுஞ் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லை என்றவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டீச்சருக்கு இரவெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

மறுநாள் செவ்வாய். ஹட்டன் பஸ் நிலையத்தில், நுவரெலியா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த காளியாயி கண்ணில் பட்டாள். நல்ல சேலை. கையில் ஒரு பொலித்தீன் பை.

"எங்க போறியள்?"

"ஒரு சோலியா போறேங்க."

பைக்குள் மடித்த கடதாசி தெரிந்தது. டீச்சர் கேட்கவில்லை, எடுத்தே விட்டார்.

பெயர் ஷாமிலா. தாயின் பெயர் காளியாயி. பிறந்த ஆண்டு 1987.

நடப்பு 2005 வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதினெட்டு. கடதாசி பழசாகத்தான் இருந்தது. கோபத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

"பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பதினெட்டு எண்டு ஆர் எழுதித் தந்தது? கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிறதுக்கோ?"

காளியாயி கடதாசிக்குக் கை நீட்டினாள்.

"அவள் நாட்டுக்கு விளையாடப் போற பிள்ளை. நீங்களெல்லாம் ஒரு தாயோ?"

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. காளியாயி கடதாசியை வாங்கி, முந்தானையில் ஒற்றி, பைக்குள் வைத்தாள்.

"ஒரு மூனு நாளு பொறுத்துக்கங்க டீச்சர்."

அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பட்டியலில் ஷாமிலாவின் பெயரை வெட்டி, மாற்றுக் கோல் காப்பாளராகக் குறித்திருந்த நிரூபாவின் பெயரை எழுதினார். நிரூபா நல்ல பிள்ளைதான். ஆனால் பந்து வரும் பக்கம் பாய்வதற்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

இரண்டு மணி ரயிலில் விளையாட்டு அதிகாரி லக்ஸ்மன் பட்டியலைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கு ஆசிரியர் அறை வாசலில் காளியாயி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"பட்டியல் போயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லை. ஆனா உங்கட மகளின்ட பேரை வெட்டியாச்சு."

காளியாயி பைக்குள்ளிருந்து இரண்டு கடதாசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். டீச்சர் மேலே இருந்ததை விரித்தார். புதுச் சான்றிதழ். ஷாமிலா, 1990. சரியாகப் பதினைந்து வயது.

"அப்ப அண்டைக்கு நான் பார்த்தது?"

"அது மூத்தவளோடதுங்க."

"அவவுக்கும் ஷாமிலா எண்டோ பேர்?"

"ஆமாங்க. ஒன்னரை வயசுல வயித்தால போயி, ரெண்டே நாளுல தவறிட்டா. அதப் பதியப் போறேன்னு எங்க வீட்டுக்காரரு கெளம்புனப்ப நான் விடல. சின்னவ பொறந்ததும் அதே பேர வச்சேன். கடதாசிதான் இருக்கேன்னு இவளுக்குத் தனியாப் பதியவும் இல்ல. தோட்டத்துல யாரு கேக்கப் போறான்னு இருந்துட்டேன்."

டீச்சர் புதுச் சான்றிதழை மேசையில் வைத்தார்.

"இந்த ஒரு மாசமா நுவரெலியா கச்சேரிக்கு, அந்தப் பதிவு ஆபீசுக்கு நடந்தேங்க. மத்ததெல்லாம் சரி பண்ணிட்டாங்க. ஒரு தாய்க்கு ஒரே பேர்ல ரெண்டு புள்ள எப்படின்னு கேட்டாங்க. மூத்தவ இல்லேன்னு பதிஞ்சாத்தான் இவளுக்குக் குடுக்க முடியுமாம். ரெண்டு மூனு தடவ அந்த மேசை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

டீச்சர் இரண்டாவது கடதாசியை விரித்தார். மரணச் சான்றிதழ். பஸ் நிலையத்தில் தான் கத்திய வார்த்தை அவருக்கே காதில் கேட்டது.

"பதினாறு வருசமா, கடதாசியிலயாவது இருக்கட்டும்னு வச்சிருந்தேன் டீச்சர். செவ்வாக்கெழம, அவ செத்துட்டான்னு நானே கைநாட்டு வச்சுட்டு வந்தேன். இவ பேரச் சேத்துக்கங்க."