ஒரு சாக்ஸபோனுக்கு இரண்டு பேர்

“ஒரு சாக்ஸபோனுக்கு ரெண்டு சொந்தக்காரங்க இருக்க முடியாது. யாரோ ஒருத்தர் கதை விடறீங்க” என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

மேசை மேல் கறுப்புப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே அந்தச் சாக்ஸபோன். நேற்று பஸ்ஸின் கடைசி சீட்டில் கிடந்ததென்று கண்டக்டர் கொண்டுவந்து ஒப்படைத்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் நம்மவர். முப்பது வருஷமாக நவீன ஜாஸ் வாசிப்பவர். காலையில் எழுந்து பார்த்தால் அலமாரியில் பெட்டி இல்லை. நேற்று ஒத்திகை முடிந்து பஸ்ஸில் வந்தது ஞாபகம் வர, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டார். ஆபீசுக்குப் போய்விட்ட மனைவிக்குப் போன் போடவில்லை. “பிடிச்ச சனி விட்டதுன்னு நினைச்சுக்கங்க” என்பாள்.

அந்தப் பக்கம் விருந்துகளில் வாசிக்கும் ஒரு பேண்டுக்காரர். அவரும் அதே பஸ்ஸில்தான் தொலைத்தாராம்.

“பில் இருக்கா? நம்பராவது தெரியுமா?”

இருவரும் தலையைச் சொறிந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நம்மவர் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன வாசிப்பீங்க?”

“ஜாஸ், மேடம். மூணு ஆல்பம் போட்டிருக்கேன்.”

“கேட்ட மாதிரி இல்லையே.”

“யாருமே கேட்டதில்ல, மேடம்.”

ஏட்டு இருமுவது போல் சிரித்தார்.

“கச்சேரியெல்லாம் உண்டா?”

“மாசத்துக்கு ஒண்ணு. போன மாசம் பதினோரு பேர் வந்தாங்க.” மறைக்க மனசு வரவில்லை அவருக்கு. “அதுல நாலு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க. மழை விட்டதும் போயிட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு சார் இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

“வேற எதுவும் தெரியாது, மேடம். இதுவும் தெரியாதுன்னு சில பேர் எழுதியிருக்காங்க. ஆனா அடுத்த வாரம் ஒரு பெரிய விழாவுல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. முப்பது வருஷத்துல இதான் முதல் தடவை. வாசிக்க வேண்டியவர் மாடிப்படியில விழுந்து காலை உடைச்சுக்கிட்டார்.”

“எனக்கு இன்னிக்குச் சாயங்காலமே வாசிப்பு இருக்கு மேடம்” என்றார் பேண்டுக்காரர், மெல்ல.

இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். “சரி, ஆளுக்கொரு பாட்டு வாசிங்க. பார்த்துடலாம்.”

பேண்டுக்காரர் முதலில் எடுத்தார். குழைந்து குழைந்து ஒரு காதல் மெட்டு. வெளியே காவலுக்கு நின்றவர் உள்ளே வந்தார். மனு கொடுக்க வந்தவர்கள் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் ஸ்டேஷனே கைதட்டியது.

நம்மவர் முறை. தன் சொந்தப் படைப்பான ‘நகரம் உடைகிறது’வை எடுத்தார். பன்னிரண்டு நிமிட உருப்படி. மூன்று நிமிடமாகச் சுருக்கினார். கருவி அன்று என்னவோ வழக்கத்தைவிடச் சொன்ன பேச்சு கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பிளிறினார், கிறீச்சிட்டார், நடுவில் எட்டு விநாடி வெறும் காற்றை ஊதினார். தெருவில் ஒரு நாய் ஊளையிட்டது. லாக்கப்பிலிருந்து ஒரு குரல் அலறியது: “ஐயா, அந்த சைக்கிளை நான்தான் எடுத்தேன்! நிறுத்தச் சொல்லுங்கய்யா!”

நிறுத்தினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இன்னிக்கு ரொம்ப நல்லா வந்துது” என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

“எடுத்துட்டுப் போங்க சார். ஏமாத்த வர்றவன் காதுக்கு இனிமையா எதையாவது ஊதி நம்மளை மயக்கத்தான் பார்ப்பான். இப்படி வாசிச்சுட்டு நல்லா வந்துதுன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்குப் பொய் சொல்ற சாமர்த்தியம் இருக்காது.”

வாழ்க்கையில் கிடைத்த முதல் அங்கீகாரம். நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேண்டுக்காரர் சண்டை போடவில்லை. வாசலில் நம்மவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வாசிச்சதைக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். என்னோடதுல இந்த மாதிரி சத்தமெல்லாம் வந்ததே இல்ல.”

“மனசைத் தளர விடாதீங்க” என்று நம்மவர் அவர் தோளைத் தட்டினார். “உங்களோடதும் கிடைச்சுடும். எந்தப் பாவி எடுத்து வெச்சிருக்கானோ!” பையிலிருந்து தன் மூன்றாவது ஆல்பத்தின் பிரதி ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். வீட்டில் இன்னும் நானூறு இருந்தன.

பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்தபடி வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ், மனைவி திரும்பியிருந்தாள். கதவைத் திறந்தவள் முகத்தில் என்றுமில்லாத வெட்கம்.

“திட்டாதீங்க. பெரிய விழாவுக்குப் போறீங்களே, இப்படிக் கறுத்துக் கிடக்குதேன்னு உங்க சாக்ஸபோனைக் காலையில போகும்போதே கடையில குடுத்துட்டுப் போனேன். பளபளன்னு மெருகு போட்டுக் குடுத்திருக்காங்க, கட்டில் மேல இருக்கு பாருங்க… ஆமா, உங்க கையில இருக்கிறது யாரோடது?”