பதினொரு நொடி

அலுவலக நேரத்தில் பேசும் ஒவ்வொரு சொல்லும் கம்பெனிக்குச் சொந்தம். அதைப் பதிவு செய்து, ஏழு வருடம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். அலுவலகத்திலேயே கேட்கலாம், நகல் எடுக்கக் கூடாது. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் கையெழுத்துப் போடுவது ஆவண அதிகாரி ஹரிணியின் வேலை.

இன்றைய பட்டியலில் அவள் கணவனின் கடைசி அழைப்பு இருந்தது. ஏழு வருடமாக அவள் தினமும் கேட்கும் பதினொரு நொடி.

"முருங்கைக்காய் வாங்கவா, கத்திரிக்காயா?"

"மீட்டிங்ல இருக்கேன்பா, வை."

மார்க்கெட்டுக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

அழிக்காமல் வைக்கக் காரணம் என்ன என்று திரை கேட்டது. வரி, தணிக்கை, நிலுவையில் உள்ள வழக்கு. மூன்றே மூன்றுதான்.

"எந்த மடையன் போட்ட ஃபார்ம் இது?" என்று சீறினாள். போட்டது அவளேதான். அதற்கு விருதுகூட வாங்கியிருந்தாள்.

கையெழுத்துப் போடாமல் எழுந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து வக்கீல் பர்வீனை அழைத்தாள்.

"கம்பெனி மேல ஒரு கேஸ் போடணும் மேடம்."

"என்ன கேஸ்? ஜெயிக்கணும்னா ஆதாரம் வேணுமே."

"ஜெயிக்கவே வேணாம். நான் சாகுற வரைக்கும் கேஸ் முடியக் கூடாது, அவ்வளவுதான்."