நாடா கிடந்த பக்கம்

தேவாலயத்துப் பிரசங்க பீடத்து வேதப்புத்தகத்தில் ஒரு புத்தகப்பூச்சி குடியிருந்தது. பழைய பாதிரி ஐயர் இருந்தவரை அதற்கு நிம்மதியே கிடையாது. மனுஷர் வாராவாரம் அதிகாரம் அதிகாரமாகத் திறந்து விளக்குவார். பூச்சி பிள்ளைகுட்டிகளோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிய ஐயர் வந்ததும் அந்தக் கவலை விட்டது. களஞ்சியம் நிரம்பும் என்ற ஆசீர்வாத வசனம் உள்ள பக்கத்தில் அவர் சிவப்பு நாடாவைப் போட்டு வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அதையே வாசிப்பார். சபையும் உரக்க ஆமென் சொல்லும். பூச்சி மற்ற பக்கங்களில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது.

"திடீர்னு வேற பக்கத்தைத் திறந்துட்டார்னா?" என்று கேட்டது சுவரிலிருந்த பல்லி.

"எதுக்குத் திறக்கப் போறார், அக்கா? நாடா கிடக்கிற பக்கத்துல நான் வாய் வைக்கிறதே இல்லை."

ஒருநாள் பாடகர் குழுவில் பாடும் கிருபாவதியின் ஒரே மகள் இறந்துபோனாள். சவப்பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது.

"எனக்கு ஏன் இப்படி, ஐயரே? இதுக்கு வேதத்துல ஒரு வார்த்தையும் இல்லையா?" என்று கேட்டாள் கிருபாவதி.

ஐயர் முதல்முறையாகத் தாள்களைப் புரட்டினார். பூச்சிக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது. திறந்த பக்கம் சல்லடையாக அரித்துக் கிடந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. அடுத்ததும் அப்படித்தான். அவர் நாடாவைப் பிடித்துத் திறந்து, களஞ்சியம் நிரம்பும் என்று வாசித்தார்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

"பயந்தே போயிட்டேன், அக்கா," என்றது பூச்சி. "நல்லவேளை, நாடா அங்கேயே கிடந்துச்சு."